தாழிடாத கதவு

முனைவர் பட்ட ஆய்வுக்காக அசாமில் குடியேறி நான்காண்டுகள் ஆகின்றன. என் ஆய்வேட்டில் இடம்பெறப்போகாத ஓர் இரவைப் பற்றி இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நான் குடியிருப்பது பல்கலைக்கழகத்தை அடுத்த சிற்றூரில், ஒரு மூதாட்டியின் வீட்டில். ஊரார் போலவே நானும் அவரை 'ஐதா' என்றழைப்பேன். பாட்டி என்று பொருள். அவரிடம் பதினொரு நாட்டுக்கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசில்தான் அவருடைய மருந்துச் செலவு நடந்தது. சென்ற மார்கழியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டவர், என்னிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்தார்: அந்தி சாய்ந்ததும் கோழிகளை எண்ணிக் கூண்டைத் தாழிட வேண்டும்.

அன்று மாலை நெறியாளர் சுட்டிய திருத்தங்களில் மூழ்கியிருந்தேன். கோழிகள் வழக்கம்போல் தாமாகவே கூண்டடைந்தன. கதவைச் சாத்த நான் மறந்தேன்.

விடிந்தபோது ஏழு கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்று மட்டுமே பாதி தின்னப்பட்டிருந்தது; மற்றவற்றுக்குக் கழுத்தில் கடித்த தடம். ஈரமண்ணில் நகம் பதியாத பாதச்சுவடுகள். வந்தது காட்டுப்பூனை.

தேவைக்கு மிஞ்சிக் கொல்லும் இந்நடத்தையை ஹான்ஸ் குரூக் 1972இல் விளக்கினார். இருண்ட இரவுகளில் தப்பியோட இயலாத கடற்பறவைகளை நரிகள் உண்ணாமலே கொன்று குவித்ததை அவர் கண்டார். இருட்டில் கோழிக்கும் பார்வை மங்கும், அசையாமல் அமர்ந்திருக்கும். இக்கட்டுரையைப் படித்துத் தேர்வெழுதியவன் நான்.

திரும்பிவந்த ஐதா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அண்டை வீட்டுக்காரர்தான், எஞ்சிய இறைச்சியில் பூச்சிமருந்தைத் தடவி வைக்கச் சொன்னார். அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றேன். நஞ்சிட்ட பிணங்களைத் தின்று இதே அசாமில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக மடிந்ததையும் சொன்னேன். "சட்டம் ஐதாவுக்குக் கோழி தருமா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

உதவித்தொகையில் ஏழு கோழிகளை வாங்கிக் கொடுத்தேன். பின்னர் கூண்டைத் திருத்தினேன். இணையத்தில் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை வட அமெரிக்க ரக்கூனைப் பற்றியவை. கைவிரல்களால் எளிய தாழ்ப்பாளைத் திறந்துவிடும் அவ்விலங்கு இங்கு இல்லை. ஆயினும் அதற்கெனச் சொல்லப்பட்ட காப்பு நம் கீரிக்கும் பூனைக்கும் பொருந்தியது. மெல்லிய கோழிவலைக்குப் பதிலாக அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையைப் பொருத்தினேன். தோண்டி நுழைவதைத் தடுக்க, கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையில் விரித்து மண்ணிட்டு மூடினேன். கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். பகலில் பருந்துக்கு அஞ்சி ஒளிய மூங்கில் பந்தல்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புறக்கடைக் கோழியினங்கள் ஏறத்தாழ 31.7 கோடி. மனித–விலங்கு மோதல் என்றதும் யானைக்கும் சிறுத்தைக்கும் பக்கங்களை ஒதுக்கும் நாம், ஏழு கோழிகளை இழந்தவரின் காலைப்பொழுதை எழுதுவதில்லை. நஞ்சு வைக்கும் முடிவு பெரும்பாலும் அந்தக் காலைப்பொழுதில்தான் எடுக்கப்படுகிறது. நஞ்சு வேண்டாம் என்று சொல்ல வருபவர், கம்பிவலையோடு வர வேண்டும்.

இப்போது அந்தி சாய்ந்ததும் கணினியை மூடிவிட்டுக் கூண்டருகே செல்கிறேன். நான் எண்ணி முடித்த பின் ஐதாவும் ஒருமுறை எண்ணுகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை.