பரவாயில்லை

படம் முடிந்து திரையரங்கின் படிகளில் இறங்கும்போது, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "பரவாயில்லை சித்தப்பா" என்றான் அண்ணன் மகன். பதினொரு வயது அவனுக்கு. என் முகத்தைப் பார்க்காமல், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னான். டிக்கெட் எடுத்து, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கூட்டிவந்த சித்தப்பாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது. எனக்கு அது புரிந்துவிட்டது என்பதும் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். வீடு வந்து சேரும்வரை இருவரும் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அது 2017 நவம்பர். படம் 'ஜஸ்டிஸ் லீக்', சாகச வீரர்கள் பலர் கூட்டணி சேரும் ஹாலிவுட் படம்.

அதற்கு முந்தைய மூன்று மாதங்களாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சூப்பர்மேனும் ஃபிளாஷும் ஓடினால் யார் முந்துவார்கள்? தண்ணீர் இல்லாத இடத்தில் அக்வாமேன் என்ன செய்வார்? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சைபார்க்கை வரைந்து வைத்திருந்தான். பாதி முகம் மனிதன், பாதி முகம் உலோகம். இரும்புப் பக்கத்துக் கண்ணுக்கு மட்டும் சிவப்பு மைப் பேனா. பல தடவை அழுத்தி வரைந்ததில் அந்த இடத்தில் தாள் ஓட்டை விழுந்திருந்தது. ஒரு படத்துக்காக ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் முன்கூட்டியே நடந்து போய்க் காத்திருக்கிறான் என்பதற்கு அந்த ஓட்டையே போதும்.

பல வீரர்கள் ஒன்றுகூடும் கதைக்கு இந்த ஈர்ப்பு எப்போதும் உண்டு. 1960இல் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' என்ற காமிக்ஸ் இதழின் 28ஆம் எண்ணில்தான் இந்தக் கூட்டணி முதலில் வந்தது. ஸ்டாரோ என்ற ராட்சத நட்சத்திர மீனை எதிர்த்து அவர்கள் சேர்ந்து நின்றார்கள். திருவையாற்றுச் சப்தஸ்தான விழாவில் ஏழூர்ப் பல்லக்குகளும் ஓரிடத்தில் கூடும்போது, ஒவ்வொரு ஊர்க்காரரின் கண்ணும் முதலில் தன் ஊர்ப் பல்லக்கைத்தான் தேடும். நம் சாமிக்கு உரிய மரியாதை கிடைத்ததா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றை ரசிக்க மனம் வரும். கூட்டணிப் படம் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். ஆளுக்கொரு பல்லக்கை மனத்தில் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

அன்று வொண்டர் வுமன் திரையில் வந்தபோது அரங்கே அதிர்ந்தது. ஆனால் அதற்கும் முன்பே, படம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே, என் காதருகே ஒரு கேள்வி வந்திருந்தது. "சூப்பர்மேன் வாய்க்கு என்ன ஆச்சு சித்தப்பா?" சிறுவர்கள் கைபேசியில் சூப்பர்மேனைப் படம் பிடிக்கும் காட்சி அது. அவர் சிரிக்கிறார். மேலுதடு மட்டும் சிரிக்கவில்லை. மெழுகு வைத்து அடைத்ததுபோல் அசையாமல் நிற்கிறது.

காரணம் ஊரறிந்தது. மறு படப்பிடிப்பு நடந்தபோது நடிகர் ஹென்றி கேவில் 'மிஷன் இம்பாசிபிள்' வரிசைப் படம் ஒன்றுக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க அந்தப் படத் தரப்பு சம்மதிக்கவில்லை. அதனால் மீசையைக் கணினியில் அழித்தார்கள். முப்பது கோடி டாலர் செலவான படம் என்று சொல்லப்பட்டது. அத்தனை செலவையும் தாண்டி, ஒரு பிள்ளையின் கண் நேராக அந்த உதட்டுக்குப் போய்விட்டது.

உதடு வெளியே தெரிந்த தையல். உள்ளே இன்னும் எத்தனையோ தையல்கள் இருந்தன. இயக்குநர் ஸாக் ஸ்னைடர் அந்த ஆண்டு மார்ச்சில் தன் மகளைப் பறிகொடுத்தார். சில வாரங்கள் வேலையில் மூழ்கித் துயரத்தைக் கடக்கப் பார்த்தவர், மே மாதம் படத்திலிருந்து விலகினார். மறு படப்பிடிப்பை, 'அவெஞ்சர்ஸ்' என்ற இன்னொரு கூட்டணிப் படத்தை எடுத்த ஜாஸ் வீடன் நடத்தினார். இசையமைப்பாளரும் மாறினார். படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றும் செய்திகள் வந்தன. வெளிவந்த படம் சரியாக 120 நிமிடம். ஒருவர் கனவை இன்னொருவர் கையில் கொடுத்து, அளவும் சொல்லி வெட்டித் தைக்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

அந்த வெட்டில் அதிகம் போனது சைபார்க்கின் பங்கு. அவன் யார், அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் என்ன காயம் என்பதெல்லாம் ஒன்றிரண்டு வசனங்களில் ஓடிப்போயிற்று. அவன் வந்த காட்சிகளில் அண்ணன் மகன் இருக்கை நுனிக்கு நகர்ந்தான். காட்சி முடிந்ததும் மெல்லப் பின்னால் சாய்ந்தான். மூன்று நான்கு தடவை இப்படி முன்னும் பின்னுமாக நகர்ந்தவன், அப்புறம் நகரவே இல்லை. சுற்றிலும் விசில் குறைந்துபோயிருந்தது. இருட்டில் அங்கங்கே கைபேசி வெளிச்சம். பெயர்கள் ஓடும்போது சூப்பர்மேனும் ஃபிளாஷும் பந்தயத்துக்கு நிற்கும் துண்டுக் காட்சி வந்தது. ஓடத் தொடங்கியதும் அதுவும் வெட்டுப்பட்டது. மூன்று மாதக் கேள்விக்கு அங்கும் பதில் இல்லை.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. பட வெளியீட்டு நாளன்று அரங்குக்கு வருகிறவர்களிடம் சிறு அட்டை கொடுத்து, பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் மதிப்பெண் வாங்குகிறது. 1978இல் ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் போய் ஏமாந்து திரும்பிய எட் மின்ட்ஸ் என்பவர், விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மறு ஆண்டே அதைத் தொடங்கினார். ஒரு ரசிகனின் ஏமாற்றத்தில் பிறந்த அளவுகோல் அது. முதல் நாளே ஓடிவருகிறவர்கள் ஆசையோடு வருகிறவர்கள் என்பதால் மதிப்பெண்ணைத் தாராளமாகவே போடுவார்கள். 2012இல் 'அவெஞ்சர்ஸ்' ஏ பிளஸ் வாங்கியது. 'ஜஸ்டிஸ் லீக்' வாங்கியது பி பிளஸ். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல மதிப்பெண்தான். ஆனால் அதைத் தமிழில் சொல்வதென்றால், என் அண்ணன் மகன் படிக்கட்டில் சொன்ன அதே சொல்தான்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். காய்ச்சல்காரர் சொல்லும் பரவாயில்லை வேறு. கடன் கேட்டுக் கிடைக்காமல் திரும்புகிறவர் வாசலில் நின்று சொல்லும் பரவாயில்லை வேறு. இரண்டாவதில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. இனி உன்னிடம் கேட்க மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. கோபப்படுகிறவன் இன்னும் உரிமை கொண்டாடுகிறான். இப்படி எடுத்திருக்கக் கூடாது, எனக்குச் சேர வேண்டியது இன்னும் வரவில்லை என்று வாசலிலேயே நிற்கிறான். பரவாயில்லை என்று சொன்னவன் போயே போய்விட்டான்.

இந்தப் படத்தின் ரசிகர்களில் ஒரு கூட்டம் போகாமல் நின்றது. ஸ்னைடர் நினைத்த படத்தை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தது. சான் டியேகோ காமிக்-கான் விழாவின்போது விமானத்தில் பதாகை பறக்கவிட்டது. அந்தக் கூட்டத்தில் சிலர் மாற்றுக் கருத்துச் சொன்னவர்களை வசைபாடி விரட்டினார்கள். அதை எந்த அன்பின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மகளை இழந்த தகப்பனை நினைத்து, தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் அமெரிக்க அறக்கட்டளைக்கு அதே ரசிகர்கள் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். ஒரு படம் கொடுத்த ஏமாற்றம், முகம் தெரியாத யாரோ ஒருவரின் உயிரைப் பிடித்து நிறுத்தும் பணமாக மாறியது. ரசிகர்களைக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2021 மார்ச் 18 அன்று ஸ்னைடரின் படம் வந்தது. 242 நிமிடம். முடிவில், மகளுக்குச் சமர்ப்பணம் என்ற வரி.

ஒரு ஞாயிறு பிற்பகல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணன் மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தான், மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. சைபார்க்கின் கதை இந்த முறை முழுசாக வந்தது. ஆட்டம் பார்க்க வராத அப்பா, விபத்து, அம்மாவின் மரணம், தனக்கே அந்நியமாகிப்போன உடல். உலகத்து வங்கிகளையெல்லாம் ஆட்டிவைக்கும் சக்தி கிடைத்த இளைஞன், முதலில் அதை வைத்து என்ன செய்கிறான்? பிள்ளைகளோடு தவிக்கும் ஓர் ஓட்டல் பணிப்பெண்ணின் கணக்கில் சத்தமில்லாமல் பணம் சேர்க்கிறான். ஏடிஎம் திரையின் முன் அவள் திகைத்து நிற்கிறாள். அண்ணன் மகன் ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சியைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

படம் முடிந்த பிறகுதான் ஆரம்பித்தான். ஸ்லோமோஷன் ரொம்ப அதிகம். கடைசிக் கனவுக் காட்சி தேவையே இல்லை. நான்கு மணி நேரம் எதற்கு, மூன்றில் முடித்திருக்கலாம். சாப்பிடும்போதும் அதே பேச்சு. தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் காட்சியை எங்கே வெட்டலாம் என்று அண்ணிக்கு விளக்கினான். நான் ஸ்னைடர் பக்கம் பேசினேன், அவன் விடவில்லை. அண்ணன் வந்து விளக்கை அணைக்கும்வரை சண்டை ஓடியது.

2017இல் அந்தப் படிக்கட்டில் அவனிடமிருந்து நான் எதிர்பார்த்ததும் இந்தச் சண்டையைத்தான். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்து, வாயில் நுரையோடு, "அந்தக் கனவுக் காட்சி மட்டும் நிச்சயமா வேணாம் சித்தப்பா" என்றான்.