கண்டலமைக் குளக்கரையில் ஒரு பகலுணவு

தம்புள்ளைக்குச் செல்வோர் குகைக் கோயிலைத் தரிசித்ததும் திரும்பிவிடுவது வழக்கம். நாமோ கிழக்கே சில கல் தொலைவு சென்று, கண்டலமைக் குளத்தை நோக்கி நிற்கும் விடுதியை அடைந்தோம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வரைந்த இவ்விடுதி 1994இல் திறக்கப்பட்டது. மலைப்பாறையைத் தழுவி நீண்டு கிடக்கும் இதன் சுவர்களைக் கொடிகள் மூடியுள்ளன. இது எழுமுன்னர், வயல்களுக்குப் பாயும் குளத்து நீர் மாசுறும், புனித பூமியின் அமைதி குலையும் என்று பிக்குகளும் ஊரவரும் எதிர்த்தனர்.

எதிரே குளம், அப்பால் சிகிரியாக் குன்று. மேசைக்கு முதலில் லீக்ஸ் சூப் வந்தது, பின்னர் வாட்டிய இறைச்சியும் அவித்த கரட்டும், இறுதியிற் புடிங். காரம் பழகிய நாவுக்கு இவ்வாங்கில உணவு சப்பென்றிருக்கலாம். ஆயினும், அந்நியமென்று ஒதுக்கவும் இயலாது. 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர் நுவரெலியாவிற் பயிரிட்ட மேனாட்டு மரக்கறிகள் இன்று நம் அடுக்களைக்கும் உரியன.

அவை லொறிகளில் வந்து குவியும் பெருஞ்சந்தையும் தம்புள்ளையிலேயே உள்ளது. விலை வீழ்ந்தால், விளைத்தவன் விற்காத மூட்டைகளைக் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் திரும்புவதும் அங்கேதான். பிள்ளைகளுக்கு விடுதியைக் காட்டும் பெற்றோர், அச்சந்தையையும் காட்டுவாராக.