இடக்கை வித்துவானுக்கு எந்தப் பக்கம்?

இறுப்பிட்டியில் நாமெல்லாம் கோயில் திருவிழாவிலே மேளம் கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு கூட்டம் மேளம் வந்துவிட்டால், எவர் முதலில் வாசிப்பது என்ற பேச்சு எழுவதையும் கண்டிருக்கிறோம். பார்ப்பவர்க்கு அது வெறும் வீம்பு. வித்துவானுக்கோ மானமும் வயிற்றுப்பாடும் சேர்ந்த காரியம்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையை (1908-1962) எண்ணிப் பாருங்கள். மிருதங்க மேதையாகிய அவர் இடக்கைக்காரர். மேடையிலே பாடகரின் வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் பிடிலும் அமர்வது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கும். இடக்கைக்காரர் அவ்விடத்தில் இருந்தாலோ வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். சொற்கள் சபைக்குச் செவ்வனே எட்டா. ஆகவே பிடில்காரர் எழுந்து மறுபக்கம் போதல் வேண்டும். சிலர் அதற்கு இசையவில்லை. ஓரடி நகர்வதற்கு எத்துணைத் தயக்கம்!

இத்தகைய பிணக்கு நம்மவர்க்கே உரியதன்று. 1982இல் பேர்லின் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவிலே, கிளாரினெட் வாசிக்கும் சபீனே மேயர் என்ற பெண்மணியைச் சேர்க்க அதன் தலைவர் கரயான் விரும்பினார். குழுவினர் வாக்கெடுத்தனர்: எதிராக 73, ஆதரவாக 4. அவருடைய நாதம் மற்றையோரோடு இயையவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கரயான் விட்டுக்கொடுக்கவில்லை, குழுவும் இளகவில்லை. ஈற்றில் அப்பெண்மணியே விலகிக்கொண்டார்.

நமது கச்சேரி மேடையிலே வாக்கெடுப்புக் கிடையாது. பாடகர் சொன்னால் பக்கவாத்தியக்காரர் கேட்கவேண்டியதுதான். அது நன்மையோ தீமையோ, பழனிக்கு அதுவே கைகொடுத்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்றார். பிடிலை மறுபக்கம் மாற்றி அமர்த்திப் பாடினார்.