மேஸ்திரி இன்னும் வரவில்லை!

'நாளைக்கு வந்து முடிச்சுடறேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போகிற மேஸ்திரி அதிகபட்சம் எத்தனை நாள் வராமல் இருப்பார்? ஒரு வாரம்? ஒரு மாசம்? ஸ்வீடனில் ஸ்கூக்ளோஸ்டர் மாளிகையில் 1676 கோடையில் கிளம்பிப் போன கட்டட ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. சாரம் நிற்கிறது. ஏணி நிற்கிறது. அவர்கள் போட்டுவிட்டுப் போன கருவிகள்கூட பத்திரமாக இருக்கின்றன!

ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் போல்ஸ்டா. அங்கிருந்து பஸ். மேலாரன் ஏரிக்கரையில் இறங்கினால், மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று மாளிகை. நாலு மூலையிலும் எட்டுப் பட்டைக் கோபுரங்கள். யாரோ மகாராஜாவின் அரண்மனை என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை. ஒரு ராணுவ அதிகாரி கட்டின சொந்த வீடு!

ஆசாமியின் பெயர் கார்ல் குஸ்டாவ் வ்ராங்கெல். 1613-ல் இதே ஏரிக்கரையில் பிறந்த பிரபு. அப்பா ஹெர்மனும் ஃபீல்டு மார்ஷல்தான். ஆக, சண்டை என்பது குடும்பத் தொழில். அப்போது ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் (1618-1648) நடந்துகொண்டிருந்தது. தொழிலுக்கு அமோகமான சீசன்! 1644-ல் ஃபெமார்ன் தீவுக்குப் பக்கத்தில் டென்மார்க் கப்பல்களைத் துவம்சம் செய்தார். 1646-ல் ஃபீல்டு மார்ஷல். ஜெர்மனியில் இருந்த ஸ்வீடிஷ் சேனை முழுக்க அவர் கையில். வயசு முப்பத்திரண்டு. அந்த வயசில் நம்மில் பலருக்கு மேஜையில் தனி டெலிபோன்கூடக் கிடைத்திருக்காது.

நடுவில் காதல் கல்யாணம் வேறு. 1640-ல் அன்னா மார்கரெட்டா என்ற ஜெர்மன் பெண்ணை மணந்தார். பெரிய வம்சம்தான். ஆனால், போரில் குடும்பத்தை இழந்த அநாதை, கையில் காசில்லை. அப்பா ஹெர்மனுக்கு இந்த சம்பந்தம் பிடிக்கவில்லை. மார்ஷலாக இருந்தால் என்ன, அப்பா அப்பாதானே!

மாளிகைக்குள் ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனார்கள். தோல் ஒட்டிய சுவர்கள், சித்திரக் கூரைகள், கோபுர அறைகளில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள், அறை நிறையத் துப்பாக்கி, வாள். ரூடால்ஃப் சக்கரவர்த்தியின் முகத்தைக் காய்கறி, பழங்களாலேயே அர்ச்சிம்போல்டோ வரைந்த பிரபலமான ஓவியமும் இங்கேதான் இருக்கிறது. மூக்குக்குப் பேரிக்காய்! அது 1648-ல் பிராக் நகரில் ஸ்வீடிஷ் படை அடித்த கொள்ளையில் வந்த சரக்கு.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? 'முதல் எங்கேயிருந்து வந்தது?' என்று அரித்தது. ஸ்வீடன் அப்போது ஜனமும் குறைவு, பணமும் குறைவான நாடு. அந்நிய மண்ணில் பெரிய சேனையை வைத்துச் சோறு போட அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் போரே போரின் செலவைச் சம்பாதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சேனை ஒரு ஊருக்குப் போகும். 'இவ்வளவு பணம், இவ்வளவு தானியம் எடுத்து வை. இல்லாவிட்டால் ஊர் எரியும்.' இதற்கு மரியாதையாக ஒரு பெயர்: 'கான்ட்ரிபூஷன்'! தளபதிகளின் கைக்கும் அதில் நிறையவே தங்கும். வ்ராங்கெல் 1646-லும் 1648-லும் பிரெஞ்சுத் தளபதி தூரென்னோடு சேர்ந்து பவேரியாவுக்குள் புகுந்தார். போன வழியெல்லாம் சூறை.

1648 அக்டோபரில் இதே பவேரியாவில், டாக்காவ் ஊருக்குப் பக்கத்தில், பரிவாரத்தோடு ஜாலியாக மான் வேட்டைக்குப் போனார். எதிரிக் குதிரைப் படை வந்து சூழ்ந்துகொண்டது. ஒரு பக்கம் எதிரி, மறுபக்கம் சதுப்பு நிலம். தப்பி ஓடிய ஒரு மான் சதுப்புக்குள் போன தடத்தைப் பிடித்துத்தான் மனுஷன் உயிர் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. வேட்டையாட வந்தவனுக்கே வழிகாட்டிய மான்!

அதே மாதம் சமாதானம் கையெழுத்தானது. வ்ராங்கெலுக்கு யோகம்தான். பால்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் பொமரேனியாவின் கவர்னர் ஜெனரல், 1651-ல் கவுண்ட் பட்டம். 1654-ல் ஸ்கூக்ளோஸ்டர் வேலை ஆரம்பம். ஆனால் பதவி பொமரேனியாவில். நடுவில் 1658-ல் உறைந்த கடல்மேல் நடந்து டென்மார்க்கைத் தாக்கிய படையிலும் இருந்தார். இத்தனை ஆசையாகக் கட்டின வீட்டில் அவர் தங்கிய நாட்கள் மிகக் கொஞ்சம். லோன் போட்டு வீடு கட்டிவிட்டு வேறு ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

1675-ல் பிராண்டன்பர்க்மேல் படையெடுக்க உத்தரவு. வயசு அறுபதைத் தாண்டியாச்சு, மூட்டுவாதம் வேறு. தளபதி படுக்கையில். ஃபெர்பெலின் களத்தில் அவருடைய தம்பி வால்டமார் நடத்திய படை தோற்றது. ஒரு வருஷத்தில், 1676-ல், ரூகன் தீவு மாளிகையில் வ்ராங்கெல் காலமானார். மனைவி முன்பே போய்விட்டார். ஆண் வாரிசு யாரும் மிஞ்சவில்லை. மகள் வழியாக மாளிகை ப்ராஹே குடும்பத்துக்குப் போயிற்று. கட்டட வேலை அப்படியே நின்றது.

அந்தப் பெரிய விருந்து ஹாலுக்குக் கடைசியாகப் போனோம். பூச்சில்லாத செங்கல் சுவர். தலைக்குமேல் வெறும் மர உத்தரங்கள். சாரம், ஏணி. அந்தக் காலத்தில் எப்படிக் கட்டினார்கள் என்று படிக்க இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாதாம்.

கணக்கில் 'முடிவுறாத வேலை' என்று ஒரு இனம் உண்டு. வேலை முடிந்தாலோ, கைவிட்டுத் தள்ளுபடி செய்தாலோதான் ஐந்தொகையிலிருந்து இதை எடுக்க முடியும். மற்ற அறைகளில் தங்கமும் சித்திரமும் கணக்கை மூடி மறைத்துவிடுகின்றன. இங்கே மட்டும் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது: செங்கல், மரம், கூலி ஆட்களின் வேர்வை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மாளிகையைக் கட்டியவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. பவேரியாவில் ஊர் எரியாமல் இருக்கப் பணம் கட்டியவர்கள் பெயரை எந்தச் சுவரிலும் பார்க்கவில்லை.