அட்டையும் கணக்கேடும்

நுழையும்முன்

நாட்டைக் காக்கும் வீரருக்கு நாடு எதைத் திருப்பித் தருகிறது? விருதும் பதக்கமும் பலர் அறிந்தவை. சோப்பும் எண்ணெயும் தேயிலைத்தூளும் குறைந்த விலையில் கிடைப்பதும் அந்தக் கைம்மாறுகளுள் ஒன்று என்பதைச் சிலரே அறிவர். தாம்பரத்தில் வாழும் ஒரு வீரர் குடும்பத்தின் வழியே அந்தச் சலுகையின் பொருளையும் எல்லையையும் ஆராய்கிறது இப்பாடம்.

கேம்ப் ரோட்டில் ஒரு காலை

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில், பேருந்து நடத்துநர்கள் ‘கேம்ப் ரோடு’ என்று குரல் கொடுக்கும் நிறுத்தம் ஒன்று உண்டு. விமானப்படை முகாமால் அமைந்த பெயர் அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளத்தைக் கொண்ட தாம்பரம் விமானப்படைத் தளத்தில், 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்ற பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இயங்கி வருகிறது. விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அது. சிறிய பயிற்சி விமானங்களின் ஓசை கேட்டே பொழுதை அறியும் வீடுகள் செம்பாக்கத்திலும் இராஜகீழ்ப்பாக்கத்திலும் இன்றும் உள்ளன.

அந்த நிறுத்தத்தில் மாதத்திற்கு ஒருமுறை, இரண்டு துணிப்பைகளுடன் ஓர் அம்மையார் இறங்குவார். அகவை எழுபதை நெருங்குகிறது. கணவர் விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அம்மையாரின் கைப்பையில் மூன்று பொருள்கள் தவறாமல் இருக்கும்: மூக்குக்கண்ணாடி, வாங்க வேண்டியவற்றின் பட்டியல், கேண்டீன் அட்டை. வாயிற்காவலரிடம் அடையாளச் சான்றைக் காட்டி, வரிசையில் நின்று, தம் முறை வரும்வரை அருகில் நிற்பவரிடம், “உங்க வீட்டுக்காரர் எந்த ஊர்லெல்லாம் இருந்தார்?” என்று பேச்சைத் தொடங்குவார். அந்த வரிசையில் அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரியாதவர் எவருமிலர்.

ஊர் மாறினாலும் மாறாத கடை

2022க்கு முன் விமானப்படையில் வீரராகச் சேர்ந்தவர் பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்தார். இருபது ஆண்டுப் பணியை நிறைவு செய்து, பிறர் பணியில் உயரத் தொடங்கும் நாற்பதை ஒட்டிய வயதில் சீருடையைக் கழற்றுகிறார். இடைப்பட்ட காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம். பிள்ளைகள் பள்ளி மாறுவர். வீட்டுப்பொருள்கள் மரப்பெட்டிகளில் ஏறி இறங்கும். தெரிந்த முகங்கள் பின்னே நின்றுவிடும்.

திருமணமான புதிதில் அந்த அம்மையார் அசாமிலுள்ள ஜோர்ஹாட்டிற்குச் சென்றார். அசாமியமும் தெரியாது, இந்தியும் தெரியாது. காய்கறி விற்பவரிடம் விரல்களைக் காட்டியே விலை கேட்டார். முதல் வாரத்தில் கணவர் அவரை முகாமின் கேண்டீனுக்கு அழைத்துச் சென்றார். அலமாரியில், பிறந்த வீட்டில் பயன்படுத்திய அதே சோப்பு அடுக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் எடுத்து முகர்ந்தபோது கண்கள் கலங்கிவிட்டதாகப் பின்னாளில் அவர் தம் மகளிடம் கூறுவதுண்டு. அன்று மிச்சமான தொகை சில காசுகளாகவே இருக்கலாம். ஆனால், பேசத் தெரியாத ஊரில் பேசாமலே பொருள் வாங்க ஓரிடம் கிடைத்தது. விலையில் ஏமாற்றம் இருக்காது என்ற உறுதியும் கிடைத்தது. சலுகையின் மதிப்பைத் தள்ளுபடியைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது என்பதற்கு அந்த ஒரு சோப்பே சான்று.

கடை இயங்கும் முறை

மக்கள் ‘மிலிட்டரி கேண்டீன்’ என வழங்கும் இந்த ஏற்பாட்டின் தலைமை அமைப்பு, பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் 1948இல் இன்றைய வடிவில் நிறுவப்பட்ட கேண்டீன் ஸ்டோர்ஸ் டிப்பார்ட்மென்ட் ஆகும். சுருக்கமாக சி.எஸ்.டி. என்பர். இதன் தலைமையகம் மும்பையில் உள்ளது. நாட்டின் பல பகுதிகளிலும் இதற்குக் கிடங்குகள் உள்ளன. அவற்றுள் ஒன்று சென்னையில் இருக்கிறது. இத்துறை உற்பத்தி நிறுவனங்களிடம் பேரளவில் கொள்முதல் செய்து கிடங்குகளுக்கு அனுப்புகிறது. அந்தந்தப் படைப்பிரிவுகள் நடத்தும் கேண்டீன்கள் அங்கிருந்து பொருள்களைப் பெற்று வீரர்களுக்கும் ஓய்வுபெற்றோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் விற்கின்றன.

விலை குறைவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மொத்தக் கொள்முதலால் கிடைக்கும் விலைக்குறைப்பு. இரண்டாவது, விளம்பரமும் இடைத்தரகும் இல்லாத குறைந்த இலாப விகிதம். மூன்றாவது, வரிச்சலுகை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இத்துறை செலுத்தும் அவ்வரியில் பாதி திருப்பி அளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பொருள் ஒன்றின்மேல் வரி 18 ரூபாய் எனின், அதில் 9 ரூபாயை அரசு விட்டுக்கொடுக்கிறது. அந்த 9 ரூபாய் வானிலிருந்து விழுவதன்று. நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான கருவூலத்திற்கு வந்திருக்க வேண்டிய தொகையே அது.

பழந்தமிழர் கண்ட கடன்

போருக்குச் செல்லும் வீரரைப் பேணுவது அரசின் பொறுப்பு என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. போருக்கு எழும் வேந்தன் தன் வீரர்களுக்குச் சோறளித்துச் சிறப்புச் செய்வதைப் ‘பெருஞ்சோற்றுநிலை’ எனப் பெயரிட்டு, வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். படைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர், படை வெல்ல வேண்டுமெனில் அதனிடம் இருக்கக் கூடாதவற்றை எண்ணிச் சொல்லும்போது, எண்ணிக்கையில் குறைதலோடும் தலைவன்மீது நீங்காத வெறுப்போடும் வறுமையையும் சேர்த்தே கூறுகிறார். வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கவலையோடு எல்லையில் நிற்பவனின் கை தளரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலொன்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என ஒவ்வொருவருக்கும் உரிய கடனை வகுத்துரைக்கிறது. அதில் வேந்தனுக்குரிய கடனைக் கூறும் அடிக்கு இருவேறு பாடங்கள் உண்டு. ஒன்று, வீரனுக்கு நன்னெறி கற்பித்தல் எனப் பொருள்படும். மற்றொன்று, மருதநிலத்து ஊரை அவனுக்கு வழங்குதல் எனப் பொருள்படும். எந்தப் பாடத்தை ஏற்பினும், வீரனிடம் அரசுக்கும் ஒரு கடமை உண்டு என்ற கருத்து மாறுவதில்லை. பழந்தமிழில் ‘கடன்’ என்பது கடமையைக் குறித்தது. இன்றைய வழக்கில் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் குறிக்கிறது. படைவீரர் சலுகையில் இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

பிற நாடுகளும் இக்கடனை உணர்ந்துள்ளன. அமெரிக்கப் படை 1867இல் தன் வீரர்களுக்கு உணவுப்பொருள்களை அடக்கவிலைக்கே விற்கத் தொடங்கியது. இன்றும் அந்நாட்டுப் படைமுகாம் அங்காடிகள் குறைந்த விலையில் பொருள்களை விற்கின்றன. பிரிட்டன் தன் முப்படையினருக்கான கேண்டீன் அமைப்பை 1921இல் ஏற்படுத்தியது.

திரும்பாத விமானம்

2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலை, தாம்பரம் தளத்திலிருந்து ஏ.என்.32 வகை விமானம் ஒன்று 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. வங்கக்கடலின் மேலே பறக்கையில் அதனுடனான தொடர்பு அறுந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் தடயம் கிட்டவில்லை. ஏழாண்டுகளுக்கு மேல் கடந்த பின், சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகள் அவ்விமானத்தினுடையவை எனலாம் என 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அவற்றைப் படம்பிடித்த ஆளில்லா நீர்மூழ்கி, தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்திற்கு உரியது. அந்நிறுவனம் இருப்பதோ தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில். விமானம் புறப்பட்ட இடமும் அதன் முடிவைக் கண்டறிந்த இடமும் ஒரே சாலையின் அருகருகே அமைந்தன.

அந்த ஜூலை மாதத்தில் கேண்டீன் வரிசையில் பேச்சே எழவில்லை என அம்மையார் நினைவுகூர்வார். வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணும் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டாள். கணவரின் பணியால் கிடைத்த அட்டை அது. வீரர் மறைந்த பின்னரும் அவருடைய மனைவிக்கு அந்த உரிமை தொடர்கிறது. எண்ணெய்ப் புட்டியில் மிச்சமாகும் சில ரூபாய் எந்த இழப்பையும் ஈடுசெய்யாது. ஆயினும், ‘உன்னை மறக்கவில்லை’ என்று நாடு மாதந்தோறும் சொல்லும் சொல்லாக அது அமைகிறது.

அண்ணாச்சியின் கணக்கேடு

அம்மையாரின் தெருமுனையில் மளிகைக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். தெருவினர் அனைவருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து இரவு பத்தரைக்கு அடைப்பவர். ஒருநாள் கேண்டீன் பைகளுடன் வந்த அம்மையாரைப் பார்த்துச் சிரித்தபடியே, “உங்க கேண்டீன் விலைக்கு நான் எங்கம்மா போவேன்?” என்றார். சிரிப்புக்குள் வருத்தம் இருந்தது. அவரும் வரி செலுத்துபவர். அவர் வரியும் அந்தச் சலுகையில் கலந்திருக்கிறது. அவ்வினாவுக்கு அம்மையாரிடம் விடை இல்லை.

விடை இல்லாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. கணவர் மறைந்தபோது குடும்ப ஓய்வூதியம் வந்துசேரச் சில மாதங்கள் ஆயின. கேண்டீனில் கடன் கிடையாது. பணம் செலுத்தினால்தான் பொருள். அந்த மாதங்களில் அரிசியும் பருப்பும் அண்ணாச்சியின் கடையிலிருந்தே வந்தன. நீல அட்டை போட்ட கணக்கேட்டில் அவர் எழுதிக்கொண்டார், ஒருமுறையும் கேட்கவில்லை. “வரும்போது குடுங்கம்மா, பணம் எங்க போகுது?” என்பதே அவர் சொன்னது. நிலுவை ஓய்வூதியம் வந்த நாளில் அம்மையார் செய்த முதல் செலவு, அக்கணக்கைத் தீர்த்ததுதான்.

அன்றுமுதல் அவர் தம் பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். சோப்பு, எண்ணெய், தேயிலைத்தூள் ஆகியவை கேண்டீனுக்கு. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் ஆகியவை அண்ணாச்சிக்கு. ஒன்று நாடு அவருக்குத் தீர்க்கும் கடன். மற்றொன்று அவர் தெருவுக்குத் தீர்க்கும் கடன்.

அட்டையின் எல்லை

எதிர்வீட்டுப் பெண்ணின் மகளுக்குத் திருமணம் உறுதியானது. “அம்மா, உங்க கார்டுல ஒரு ஃப்ரிட்ஜ் எடுத்துக் குடுங்களேன், பணத்தை முன்னாடியே குடுத்துடறேன்” என்று அவர் கேட்டார். அடுத்தவீட்டு உறவு, பத்தாண்டுப் பழக்கம். மறுப்பது எளிதன்று. அம்மையார் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. மறுநாள், “கார்டு என் பேர்ல இருக்கு, ஆனா அது என்னோடது மட்டும் இல்லம்மா. அவர் சம்பாதிச்சுக் குடுத்தது. வித்துப்போட முடியாது” என்றார். எதிர்வீட்டில் சில நாள் பேச்சு குறைந்தது. திருமணத்திற்கு முதல் ஆளாகச் சென்று, தம் சேமிப்பிலிருந்து இயன்ற அன்பளிப்பை வழங்கிய பிறகே அது பழைய நிலைக்குத் திரும்பியது.

உரியவரல்லாதார்க்கு அப்பொருள் போய்ச் சேருமானால், அரசு விட்டுக்கொடுத்த வரி அதன் நோக்கத்தை இழக்கும். அண்ணாச்சியின் வருத்தமும் நியாயமாகிவிடும். சலுகையைக் காப்பவர் அதைத் தருபவர் மட்டுமல்லர், பெறுபவரும்தான்.

கடைக்குள் நிற்கும் பணியாளரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படைப்பிரிவு நடத்தும் கேண்டீன்களின் ஊழியர்கள் அரசுப் பணியாளர்களே என 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2009இல் மூவர் அமர்வு அதை மாற்றி, அவர்கள் அரசுப் பணியாளர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. வீரர் குடும்பத்திற்குக் குறைந்த விலையில் பொருளை எடுத்துத் தரும் கைகளுக்கு அரசுப்பணியின் பாதுகாப்பு இல்லை. நன்றிக்கடன் ஒன்றைத் தீர்க்கையில் இன்னொன்று கண்ணில் படாமல் போய்விடக் கூடாது.

நிறைவாக…

அடுத்த மாதமும் அம்மையார் கேம்ப் ரோட்டில் இறங்குவார். திரும்பும் வழியில் அண்ணாச்சி கடையில் பையை ஒருபுறம் வைத்துவிட்டு அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்பார். அண்ணாச்சி தராசில் எடையிட்ட பின், ஒரு பிடி கூடுதலாகப் போடுவார். அந்தப் பிடி எந்த வரிச்சலுகையிலும் சேராதது. எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாதது. நாடு வீரரை நினைப்பதும், வீரரின் குடும்பம் தெருவை நினைப்பதும், தெரு அக்குடும்பத்தை நினைப்பதும் ஆகிய இச்சுழற்சி அறுபடாதவரை, சலுகை என்ற சொல்லுக்கு உரிமை என்ற பொருளோடு பொறுப்பு என்ற பொருளும் நிலைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்தித்து, அவர் பணியாற்றிய ஊர்களில் குடும்பத்தினர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. ‘கடன்’ என்னும் சொல் பழந்தமிழிலும் இக்காலத் தமிழிலும் பெறும் பொருள்களைப் பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.

3. “உங்க கேண்டீன் விலைக்கு நான் எங்கம்மா போவேன்?” என்ற அண்ணாச்சியின் வினாவுக்கு நீங்கள் கூறும் விடை யாது? வகுப்பறையில் கலந்துரையாடுக.