என் காதுக்கு எட்டாத கீச்சொலி



பொழுதுபோக்காக ஒரு சத்தப் பெட்டி செய்தேன். 1971-இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த 555 டைமர் ஐ.சி., 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், திருகு குமிழ், பீசோ தகடு. அவ்வளவுதான். கெப்பாசிட்டர் நிரம்பிக் காலியாகும் வேகமே அதிர்வெண். குமிழைத் திருகித் தடையைக் குறைத்தால் சுருதி ஏறும்.

ஏற்றிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் நின்றது. பேத்தியோ காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்க தாத்தா!" என்றாள்.

பெட்டியில் பழுதில்லை. வயதானால் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள்தான். அந்தக் குறை மெல்லக் கீழிறங்கும்போது 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை போய்விடும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

அடுத்த வாரம் காது பரிசோதனைக்குப் போகிறேன். "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் உங்கள் அப்பா அம்மாவிடம் எரிச்சல்படாமல், அவர்களையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.