எதுக்கு தம்பி அருவா?

மதுரைப் பக்கம் என்றாலே அருவாள்தான் என்று நம்ம சினிமாக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஹீரோ முதுகுப் பக்கம் கையை விட்டால் மூன்றடி அருவாள் வருகிறது. (அதை வைத்துக்கொண்டு பஸ் சீட்டில் எப்படிச் சாய்ந்து உட்காருகிறார் என்று மட்டும் எந்த டைரக்டரும் காட்டியதில்லை!)

நிஜ அருவாள் பிறக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமானால் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுங்கள். ஒத்தக்கடையில் யானைமலை கொஞ்ச தூரம் துணைக்கு வரும். அதைத் தாண்டினால் முப்பது கிலோமீட்டருக்குள் மேலூர். 1895-ல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பூமி. நெல், கரும்பு, வாழை, தென்னை என்று இருந்தால் அருவாள் இல்லாமல் முடியுமா?

எங்கள் வீட்டுத் தென்னைக்கு மட்டை கழிக்க ஒரு வெட்டருவாள் தேவைப்பட்டது. ஆபீஸ் நண்பர் ஒருவரும் தொற்றிக்கொண்டார். பட்டறையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை உலையில் பழுத்து, சம்மட்டி அடியில் வளைந்து, தண்ணீரில் 'சுர்ர்ர்' என்று முங்கி அருவாளாகிக் கொண்டிருந்தது. ஓரமாகக் கதிரருவாள், பாளை சீவுகிற அருவாள், களைக்கொத்து, கோடாலி.

நண்பர் ஆசையாக ஒன்றை எடுத்து ஒரு சுழற்று சுழற்றினார். சம்மட்டி நின்றது.

"தம்பி, கீழ வைங்க. படம் காட்டுற இடம் தியேட்டரு."

கோபமே இல்லை. பிறகு பெரியவர் சொல்லிக்கொடுத்தது பூராவும் பாடம்.

சம்மட்டிக்கு நேர் எதிரே நிற்காதே, பொறி பறக்கும். கறுத்துக் கிடக்கிற இரும்பு ஆறிவிட்டது என்று நம்பித் தொடாதே. கூர் பார்க்கக் கட்டை விரலை நீளவாக்கில் இழுக்காதே. ஒரு பச்சை மட்டையைக் கேள், வெட்டிக் காட்டுவார்கள். பிடி ஆடுகிறதா என்று முதலில் பார். கழன்று பறக்கிற அருவாள் பக்கத்து ஆளைத்தான் தேடும். கிடக்கிற அருவாளைத் தாண்டாதே. கைக்குக் கை கொடுக்காதே. கீழே வை, அவர் எடுத்துக்கொள்வார். 'சண்டை வரும்' என்று நம் ஆத்தாமார் சொன்னதற்கு உள்ளே இருந்தது விரல் மேல் அக்கறைதான்.

கடைசியாக ஒரு கேள்வி: "எதுக்கு தம்பி அருவா?"

நண்பருக்கு முகம் சுருங்கியது. காசு கொடுக்கிறவனைக் கேள்வி கேட்பதா? கேட்கத்தான் வேண்டும் சார்! விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் என்றே செய்தது 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுதம் ஆகாது. ஆளை வெட்டவென்று செய்தால் சட்டம் வந்து நிற்கும். 2018 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பிறந்தநாள் கேக்கை அருவாளால் வெட்டினார். போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அள்ளியது. 2021 செப்டம்பரில் தமிழகம் முழுக்க ரவுடி வேட்டை நடந்தபோது, வாங்குகிறவர் பெயர், விலாசம், போன் நம்பரை எழுதி வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரர்களுக்குப் போலீஸ் உத்தரவு போட்டது. ஊரில் ஒரு வெட்டு விழுந்தால் முதல் கேள்வி, 'இதை அடிச்சுக் கொடுத்தது யாரு?' என்பதுதான். அந்தக் கவலையைச் சுமந்துகொண்டுதான் அவர் ஒவ்வொன்றையும் விற்கிறார்.

பக்கத்து அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறார். அவர் கதவு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய இந்தச் சீமையில் யாருக்கும் துணிச்சல் வராது. ஆளுயர அருவாளை நேர்ந்துகொண்டு வந்து வைக்கிறார்கள். மிரட்டவா? இல்லை, அவரிடம் ஒப்படைக்க. பட்டறையில் கேட்கிற அந்த 'எதுக்கு?'வும் ஒரு சின்னச் சத்தியம்தான். கருப்புக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவே.

"தென்னை மட்டைக்குங்கய்யா" என்றேன். சாக்கில் இறுக்கிச் சுற்றி, சணலால் கட்டி, பிடி என் பக்கம் இருக்கும்படி கீழே வைத்தார்.

"நேரா வீட்டுக்குப் போங்க. வழியில டீக்கடையில பிரிச்சுக் காட்டாதீங்க."

வாங்கப் போகிற தம்பிகளுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். முதுகில் சொருகவே வேண்டாம். சாக்கில் சுற்றி, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வையுங்கள். சாய்ந்தும் உட்காரலாம்!